வாசிக்க விடாத மேடை: தனியாள் உடல்மொழி நகைச்சுவை நிகழ்ச்சியை உருவாக்குவது எப்படி?

ஒருவர் வயலினோடு மேடைக்கு வருகிறார். ஒரே ஒரு பாட்டை வாசித்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்ட் இறங்குகிறது, தாள் பறக்கிறது, நாற்காலி கிறீச்சிடுகிறது. நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, பாட்டு மட்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. பேச்சு இல்லாமல், கூட நடிக்க ஆளும் இல்லாமல், இந்த ஒரு சங்கடத்தை மட்டுமே வைத்து அரங்கையே சிரிக்க வைக்கும் கலை நூறாண்டுக்கும் மேலாக உலக மேடைகளில் இருந்து வருகிறது. அதை முதல்முறை முயன்று பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு இசை தெரிந்து நடிப்பு பழகாமல் இருக்கலாம். நடிப்பு வந்து இசை அரைகுறையாக இருக்கலாம். எந்தப் பக்கமிருந்தும் இதற்குள் வரலாம்.

மற்ற எல்லாவற்றுக்கும் வேராக இருக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் நிற்கும் அந்த மனிதர் உண்மையாகவே வாசிக்க ஆசைப்பட வேண்டும். சிரிக்க வைக்க வந்தவராக அவர் இருக்கக் கூடாது. அவருக்கு அந்தப் பாட்டின் மேல் உயிர். அதை நமக்குக் கேட்கவைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு எவ்வளவு ஆழமோ, ஒவ்வொரு தடங்கலும் அவ்வளவு சிரிப்பைத் தரும். ஆசை இல்லாதவர் கையில் வயலின் உடைந்தாலும் யாருக்கும் ஒன்றுமில்லை.

பாட்டில் தொடங்குங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் குறும்புகளைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். நான் பாட்டைத்தான் முதலில் தேடச் சொல்வேன். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகாத ஒரு பாட்டு போதும். அதன் தொடக்கம் கேட்டவுடன் மனத்தில் ஒட்ட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டாக இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை மனம் தானாக முடித்துக்கொள்ளும்படியான மெட்டாக இருக்கட்டும்.

காரணம் எளிது. தப்பு தப்பாகத் தெரிய வேண்டுமானால், சரி எது என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் நிகழ்ச்சியின் முதல் சில நொடிகளில் மெட்டின் தொடக்கத்தைப் பிசிறில்லாமல் வாசித்துக் காட்டுங்கள். ஆறேழு சுரங்கள் போதும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அதே சுரத்தில் வந்து தடைபடட்டும். நாலாவது முறை அந்தச் சுரத்தை நோக்கி நீங்கள் போகும்போதே அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அந்தக் காத்திருப்புதான் உங்கள் மூலதனம்.

பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, யாராவது பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதும் வாசிக்க முடிகிற அளவுக்குப் பழகுங்கள். இதில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். டென்மார்க்கில் பிறந்த விக்டர் போர்க் (1909–2000) பியானோ முன்னால் உட்கார்ந்து வாசிக்காமல் இழுத்தடிப்பதையே ஒரு கலையாக்கியவர். நியூயார்க்கின் பிராட்வேயில் 1953இல் தொடங்கிய அவருடைய தனியாள் நிகழ்ச்சி 1956 வரை 849 முறை நடந்தது. இசைத்தாளைத் தலைகீழாக வைத்து வாசிப்பார். இருக்கையிலிருந்து விழப் பார்த்து, பிறகு அதே இருக்கையிலிருந்து சீட் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொள்வார். அவர் முறையாகப் பயின்ற நல்ல பியானோ கலைஞர். விரல் சொன்னபடி கேட்டதால்தான் அவரால் வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு மட்டும் தவற முடிந்தது.

நீங்கள் அந்த அளவுக்குத் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு பாட்டில் மட்டும் தேர்ந்தவராக இருந்தால் போதும்.

அந்த மனிதர் யார்?

ஒரே ஒரு குணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிய ஒழுங்கு, கூச்சம், கர்வம், அவசரம் என ஏதாவது ஒன்று. அந்தக் குணம்தான் ஒவ்வொரு தடங்கலையும் அவர் எப்படிச் சமாளிப்பார் என்பதைத் தீர்மானிக்கும். நாற்காலி கிறீச்சிடுகிறது என்று வையுங்கள். ஒழுங்குக்காரர் இறங்கி, எந்தக் கால் என்று கண்டுபிடித்து, பையிலிருந்து காகிதம் எடுத்து நான்காக மடித்து அடியில் சொருகுவார். கர்வக்காரர் நாற்காலியை ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். அது அடங்கிவிட்டது என்று நம்பி மறுபடி உட்காருவார். கூச்சக்காரர் சத்தம் வரக் கூடாதே என்று பாதி உட்கார்ந்தபடி தொடை நடுங்க வாசிப்பார். ஒரே நாற்காலி, மூன்று வேறு நிகழ்ச்சிகள்.

அவரை முட்டாளாக்காதீர்கள். அவருக்கென்று ஒரு தர்க்கம் இருக்கிறது; அது நம் தர்க்கத்திலிருந்து ஒரு அடி விலகி நிற்கிறது, அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கோமாளிக் கலைஞர் கிராக் (இயற்பெயர் அட்ரியன் வெட்டாக், 1880–1959) செய்த ஒரு காட்சி இன்றும் பேசப்படுகிறது. பியானோவுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே இடைவெளி அதிகம். இருக்கையை நகர்த்தினால் முடிந்தது. கிராக் அந்தப் பெரிய பியானோவைத் தள்ளிக்கொண்டு வந்து இருக்கையோடு சேர்ப்பார். அவர் பங்கில் தவறே இல்லை: தூரம் குறைந்துவிட்டது, வேலை முடிந்தது. இன்னொரு காட்சியில் மிகப் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதற்குள்ளிருந்து குட்டியூண்டு வயலினை எடுப்பார். இரண்டிலும் அவர் முகத்தில் ஏமாற்றும் எண்ணம் துளியும் இருக்காது.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இசை நிகழ்ச்சிக்குப் போகிறவர் எப்படி மரியாதையாக உடுத்துவாரோ அப்படி உடுத்துங்கள். சிவப்பு மூக்கும் பெரிய ஷூவும் முதல் முயற்சியில் வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றைப் பார்த்தவுடன் சிரிப்பு வரப்போகிறது என்று அரங்கத்துக்குத் தெரிந்துவிடும். முதல் தடங்கல் நிஜமா நடிப்பா என்று குழம்பும் அந்த அருமையான நிமிடத்தை நீங்கள் இழந்துவிடுவீர்கள்.

பொருள்களோடு பழகுங்கள்

மேடையில் நீங்கள் தனியாள். எதிரில் நிற்க ஆள் இல்லாதபோது பொருள்கள்தான் எதிராளிகள். நாற்காலி, ஸ்டாண்ட், இசைத்தாள், வாத்தியம், வில், பெட்டி, மைக், கேபிள், உங்கள் கோட்டின் பொத்தான், உங்கள் கை. இவற்றில் மூன்றோ நான்கோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிகப் பொருள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறும்புதான் கிடைக்கும், எதுவும் வளராது.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளோடும் தனியாக அரை மணி நேரம் செலவிடுங்கள். அது என்னவெல்லாம் செய்யும்? எங்கே மடங்கும், எங்கே மாட்டும், எதில் இடிக்கும், என்ன சத்தம் போடும்? மடக்கு ஸ்டாண்டின் திருகு தளர்ந்தால் தண்டு மெல்ல இறங்கும். மெல்லிய ஒற்றைத் தாளைத் தட்டையாக விட்டால் இடமும் வலமும் ஆடி ஆடி விழும். கசக்கி உருட்டிய தாள் நேராக விழும். வயலின் வில்லின் திருகைத் தளர்த்தினால் முடி தொய்ந்து தொங்கும். பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) பிடிக்காமல் போனால் தந்தியின் சுருதி புலம்பலாக இறங்கிக்கொண்டே போகும். இவை எல்லாம் வாத்தியக்காரர்களுக்கு நிஜமாகவே நேர்கிற தொல்லைகள். இயல்பான தொல்லையில் தொடங்கும் குறும்புக்குத்தான் பிறகு எவ்வளவு உயரம் ஏறினாலும் நம்பகத்தன்மை இருக்கும்.

ஒன்று அடுத்ததைப் பெற்றெடுக்கட்டும்

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் இதுதான். தொடக்கக்காரர்களின் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சோர்வது இங்கேதான்: ஒரு குறும்பு, அடுத்து தொடர்பில்லாத இன்னொரு குறும்பு, பிறகு வேறொன்று. ஒவ்வொன்றும் தனியாக நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

வழி இது: ஒரு தடங்கலைச் சரிசெய்ய அவர் செய்யும் காரியமே அடுத்த தடங்கலுக்குக் காரணமாகட்டும். ஒரு மாதிரிச் சங்கிலியைப் பார்ப்போம். வயலின், ஸ்டாண்ட், நாற்காலி, சில தாள்கள்.

அவர் வருகிறார். குனிந்து வணங்குகிறார். குனிந்தபோது கையிலிருந்த வில் ஸ்டாண்டில் தட்டி, அது மறுபக்கம் திரும்பிவிடுகிறது. நிமிர்ந்து பார்க்கிறார், தாளைக் காணோம். ஸ்டாண்டைத் திருப்புவதற்குப் பதிலாக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தாள் தெரியும் பக்கம் போய் உட்காருகிறார். இப்போது அரங்கத்துக்கு அவர் முதுகுதான் தெரிகிறது. வில்லைத் தந்தியில் வைக்கிறார். நிறுத்துகிறார். ஏதோ சரியில்லை என்று உணர்கிறார். மெல்லத் திரும்பி நம்மைப் பார்க்கிறார்.

அடுத்து ஸ்டாண்டைச் சரியான பக்கம் திருப்புகிறார். திருகு தளர்கிறது. வாசிக்கத் தொடங்கியதும் தாள் இறங்குகிறது. உயர்த்துகிறார், மறுபடி இறங்குகிறது. மூன்றாம் முறை அதை உயர்த்தாமல், தாளோடு சேர்ந்து தானும் இறங்குகிறார்: நாற்காலி நுனி, முட்டி, கடைசியில் தரையோடு தரையாகப் படுத்தபடி, மெட்டை மட்டும் விடாமல். சரியாக அந்த முக்கியமான சுரம் வரும்போது தாள் ஸ்டாண்டின் அடியில் மறைந்துவிடுகிறது.

எழுந்து யோசிக்கிறார். ஷூ கயிற்றைக் கழற்றி ஸ்டாண்டின் தண்டை இறுக்கிக் கட்டுகிறார். வெற்றி. ஸ்டாண்ட் இனி அசையாது. பெருமையோடு தாளத்துக்குக் காலைத் தட்டுகிறார், கயிறில்லாத ஷூ பறக்கிறது. எடுக்கப் போகிறார், ஒற்றைக் காலில் சாக்ஸ் என்பதால் தரை வழுக்குகிறது. தாளத்தை விடக் கூடாது என்று வாசித்துக்கொண்டே நொண்டிப் போகிறார். நொண்டும் நடையால் பாட்டின் தாளமே மாறிவிடுகிறது.

கவனியுங்கள்: ஷூ பறந்தது விபத்து மாதிரித் தெரிந்தாலும் அதற்கு அவரேதான் காரணம், அந்தக் காரணத்தை நாம் கண்ணால் பார்த்தோம். கயிற்றைக் கழற்றும்போதே முன்வரிசையில் ஒருவர் சிரிக்கத் தொடங்கிவிடுவார். முன்கூட்டி ஊகிக்க விடுங்கள். ஊகித்தவர் ஊகித்தது நடந்தால் மகிழ்ச்சி, வேறு விதமாக நடந்தால் அதைவிட மகிழ்ச்சி.

மூன்று முறை என்ற கணக்கைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். முதல் முறை தற்செயல், இரண்டாம் முறை வழக்கமாகிறது, மூன்றாம் முறை மாறுகிறது. நல்ல கணக்குதான். ஆனால் நிகழ்ச்சி முழுக்க மூன்று மூன்றாகவே போனால் அரங்கம் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடும். ஒரு குறும்பை ஒரே தடவையோடு விட்டுவிடுங்கள். இன்னொன்றை அலுக்கும் வரை, அலுத்த பிறகும், மறுபடி சிரிப்பு வரும் வரை நீட்டுங்கள்.

குறைவாக வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவை நினைத்துப் பாருங்கள். மிஸ்டர் பீனாகப் புகழ்பெற்ற ரோவன் அட்கின்சன் ஒரு பெரிய சிம்பொனி இசைக்குழுவின் நடுவில் கீபோர்டில் ஒரே ஒரு சுரத்தை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். கை வேலை செய்கிறது, மனம் சலித்து எங்கெங்கோ போகிறது. மூக்கைத் துடைக்க வேண்டியிருந்தபோது குடையை நீட்டி அந்தச் சுரத்தைக் காப்பாற்றினார். ஒரு விரல், ஒரு சுரம், ஒரு கடமை. உங்கள் முதல் ஐந்து நிமிட முயற்சிக்கு இந்த அளவு சிறிய கட்டுப்பாடு மிகவும் உதவும்.

பார்வையும் இடைவெளியும்

ஒரு தடங்கல் நடக்கும்போது உள்ளுக்குள் ஐந்து நிலைகள் இருக்கின்றன. நடக்கிறது, கவனிக்கிறார், புரிந்துகொள்கிறார், அரங்கத்தைப் பார்க்கிறார், முடிவெடுக்கிறார். புதியவர்கள் பதற்றத்தில் இவை ஐந்தையும் ஒரே நொடியில் குழைத்துவிடுகிறார்கள். ஒத்திகையில் இவற்றைப் பிரித்துப் பழகுங்கள். ஒவ்வொன்றுக்கும் உடலில் ஒரே ஒரு அசைவு. கவனிக்கும்போது கண் மட்டும். புரியும்போது மூச்சு மட்டும். அரங்கத்தைப் பார்க்கும்போது தலை மட்டும். மற்ற உறுப்புகள் அசையாமல் இருந்தால்தான் அந்த ஒன்று தெரியும்.

நான்காவது நிலையை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். அரங்கத்தைப் பார்ப்பது என்பது சிரிப்பைக் கேட்டு வாங்குவதாகாது. 'நீங்கள் பார்த்துவிட்டீர்களா?' என்ற பயம், அல்லது 'இப்போது நான் என்ன செய்ய?' என்ற உண்மையான கேள்வி. கண்ணைச் சிமிட்டாதீர்கள், புன்னகைக்காதீர்கள். ஒருவரின் கண்ணைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலும் சிரிப்பு வெடிப்பது பொருள் விழும்போது இல்லை, இந்தப் பார்வையின்போதுதான்.

சிரிப்பு வந்தால் காத்திருங்கள். அது உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த அசைவைத் தொடங்குங்கள். முழுதாக அடங்கிவிட்டால் மறுபடி கிளப்புவது கடினம். உச்சியில் இருக்கும்போதே தொடங்கினால் நீங்கள் செய்வது யாருக்கும் தெரியாது. இசை தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. இசையில் மௌனத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு தடங்கலையும் தாளக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்: நான்கு தட்டு வாசிப்பு, இரண்டு தட்டு மௌனம், ஏழாவது தட்டில் ஷூ விழுகிறது. எதிர்பார்த்த தட்டுக்கு ஒரு தட்டு பிந்தி விழுந்தால் என்ன ஆகிறது, அரைத் தட்டு முந்தினால் என்ன ஆகிறது என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். வியப்பாக இருக்கும்.

தப்பாக வாசிப்பதற்கும் பயிற்சி வேண்டும்

மோட்சார்ட் 1787இல் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஒரு படைப்பை எழுதினார். கொம்பு வாத்தியங்கள் அபசுரம் ஊதும். கடைசியில் தந்தி வாத்தியங்கள் ஆளுக்கொரு சுருதியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். வாசிப்பவர் தடுமாறுவதால் வரும் பிழை எதுவும் அதில் இல்லை. ஒவ்வொரு பிழையும் தாளில் குறிக்கப்பட்டிருக்கிறது. இசைக்கலைஞர்கள் அதைத் துல்லியமாக வாசிக்கிறார்கள்.

உங்கள் பிழைகளும் அப்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். கண்டபடி கீறிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடத்தில் காது சலித்துவிடும். ஒன்பது சுரம் அழகாகப் போய், பத்தாவது சுரம் மட்டும் ஒரு இழை கீழே நிற்கட்டும். அவர் அதைச் சரிசெய்யத் தேடி மேலே போய், தாண்டி, திரும்பி வந்து பிடிக்கட்டும். வயலினில் வில்லைக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) மிக அருகில் வைத்து அழுத்தினால் ஒரு கீச்சுச் சத்தம் வரும். அதை ஒரே ஒரு முறை, மிக மென்மையான இடத்தில் பயன்படுத்துங்கள். கீபோர்டில் கை ஒரு கட்டை தள்ளி வைக்கப்பட்டுவிட்டால் விரல்கள் சரியாகவே ஓடும், ஒலி மட்டும் அந்நியமாக இருக்கும். அவர் முகத்தில் நம்பிக்கை மெல்லக் கரைவதைக் காட்ட அருமையான வாய்ப்பு அது.

வேடிக்கைச் சத்தங்களைப் பதிவுசெய்து ஒலிக்கவிடுவது எனக்குப் பிடிக்காது. விழும்போது 'டொய்ங்' என்று ஸ்பீக்கரில் வந்தால், அங்கே நிஜமாக ஒரு மனிதர் தவிக்கிறார் என்ற நம்பிக்கை போய்விடும். வாத்தியமும் பொருள்களும் போடும் சத்தமே போதும்.

விழுவது, வழுக்குவது, உடைவது

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். விழக் கற்றுக்கொள்ளாமல் விழாதீர்கள். மேடைச் சண்டைப் பயிற்சியாளரோ, தற்காப்புக் கலை ஆசிரியரோ, ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரோ யாரிடமாவது நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் முதலில் சொல்லித்தருவது இவையாக இருக்கும்: தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காப்பாற்றுவது, கையை நேராக ஊன்றாமல் இருப்பது, முட்டியும் முழங்கையும் படாமல் தொடை, இடுப்பின் சதைப் பகுதி, தோளின் பின்புறம் என்று வரிசையாகத் தரையைத் தொடுவது, விழும்போது மூச்சை வெளியே விடுவது. உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்கி, முட்டி போட்ட நிலை, பிறகு நின்ற நிலை என்று உயரத்தைக் கூட்டுவார்கள். முதலில் தடிமனான மெத்தை, பிறகு மெல்லியது.

இசைக்கலைஞராக நடிக்கும்போது ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. உங்கள் இரண்டு கையிலும் ஏதாவது இருக்கும். கையை உதவிக்கு அழைக்க முடியாமல் விழுவது தனிப் பயிற்சி. சுருட்டிய துண்டை வயலினாகவும் மெல்லிய அட்டைக் குழலை வில்லாகவும் வைத்துக்கொண்டு பழகுங்கள். அது தானாக வந்த பிறகே வாத்தியத்தைக் கையில் எடுங்கள். கால்சட்டைக்குள் முட்டிப் பாதுகாப்பு அணிந்துகொள்ளுங்கள், வெளியே தெரியாது.

இரண்டு வாத்தியங்கள் வேண்டும். ஓட்டத்துக்கும் தடுமாற்றத்துக்கும் பழைய, மலிவான, ஆனால் வாசிக்க முடிகிற ஒன்று. கடைசியில் நிஜமாக வாசிக்க நல்லது ஒன்று. உருவத்திலும் நிறத்திலும் ஒத்திருந்தால் போதும். நிஜமான வாத்தியத்தை மேடையில் எறியாதீர்கள், உடைக்காதீர்கள். இசையை நேசிப்பவர்களுக்கு அது வலிக்கும். வலித்தவுடன் சிரிப்பு நின்றுவிடும். வயலின் விழப்போகும் நேரத்தில் உங்கள் உடலையே அதற்கு மெத்தையாக்கிக் காப்பாற்றினால், சிரிப்பும் வரும், அவருக்கு அதன் மேலுள்ள அன்பும் தெரியும்.

இறுக்கமான தந்தியை மேடையில் வெட்டாதீர்கள். கண்ணில் பட்டால் ஆபத்து. தந்தி அறுந்த மாதிரி காட்ட, முன்பே தளர்த்திக் கட்டிய பொய்த் தந்தி ஒன்று போதும். கேபிளில் சிக்கும் குறும்பு வேண்டுமானால் எதிலும் இணைக்காத வெறும் கேபிளை வையுங்கள். உடையும் நாற்காலி வேண்டும் என்றால், மேடைப் பொருள் செய்யத் தெரிந்த தச்சரிடம் செய்து வாங்குங்கள்.

இன்னொரு விஷயம்: எதையும் தற்செயலுக்கு விடாதீர்கள். ஸ்டாண்டின் திருகைத் தளர்த்திவிட்டு அது சரியான வேகத்தில் இறங்கும் என்று நம்பினால் ஒரு நாள் தடாலென்று விழும், இன்னொரு நாள் அசையாது. ஒரு நைலான் நூலைத் தண்டில் கட்டி, காலாலோ விரலாலோ நீங்களே விட்டுப் பிடிக்கும்படி செய்துகொள்ளுங்கள். தாள் கையில் ஒட்ட வேண்டுமானால் ஓரத்தில் இருபக்க டேப். விபத்தாகத் தெரியும் ஒவ்வொன்றின் கடிவாளமும் உங்கள் கையில் இருக்கட்டும்.

எவ்வளவு நீளம்?

முதலில் ஏழு நிமிடம். அதை ஆறேழு பேர் முன்னால் செய்து காட்டுங்கள். அது எடுபட்டால் பதினைந்து. எடின்பரோவில் 1947 முதல் நடந்துவரும் ஃப்ரிஞ்ச் போன்ற விழாக்களில் தனியாள் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். அங்கே போக ஆசையிருந்தாலும் அவசரப்பட்டு நீட்டாதீர்கள்.

ஏழு நிமிடத்தைக் குறும்புகளைக் கூட்டி ஐம்பது நிமிடமாக்க முடியாது. நீளமான இசைப் படைப்புகளில் வேகமான பகுதிக்குப் பிறகு மெதுவான பகுதி வருவது போல, உங்கள் நிகழ்ச்சிக்கும் நடுவில் ஒரு அமைதி வேண்டும். எல்லாம் போய்விட்டது என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடம். பெட்டியின் அடியில் கிடைத்த ஒரு பழைய தாள். யாருக்கும் கேட்காத குரலில் மெட்டை முணுமுணுப்பது. சிரித்துக் களைத்தவர்கள் இங்கேதான் அவரோடு மனத்தால் சேருகிறார்கள். அந்த நிமிடத்தில் குறும்பைச் சொருகும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

முடிவில் அவர் வாசிக்க வேண்டும். முழுப் பாட்டையும், நன்றாக, குறுக்கீடு இல்லாமல். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை வாசிக்கவே விடாமல் முடிப்பவர்களும் உண்டு. எனக்கு அது அரங்கத்திடம் வாங்கிய கடனைத் திருப்பாமல் போவதாகப் படுகிறது. ஸ்டாண்ட் இல்லை, தாள் இல்லை, ஒரு காலில் ஷூ இல்லை. இனி இழக்க எதுவும் இல்லாதபோது கண்ணை மூடி வாசிக்கிறார், எல்லாம் சரியாக வருகிறது. சங்கிலியின் தர்க்கமும் அங்கேதான் முழுமை பெறுகிறது: அவரைத் தடுத்ததெல்லாம் அவர் உதவிக்கு வைத்திருந்த பொருள்கள்தான்.

அரங்கத்தில் இருப்பவர்கள்

தாளைப் பிடித்துக்கொள்ள ஒருவரை மேடைக்கு அழைக்கலாம். அழைத்தால் அவரைக் கேலிப்பொருளாக்காதீர்கள். செய்து முடிக்க எளிதான ஒரு வேலையைக் கொடுங்கள். அவர் அதைச் சரியாகச் செய்ய, நீங்கள் தவற வேண்டும். அவருக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்து இருக்கை வரை கூட்டிப்போய் விடுங்கள். தயங்குகிறவரை வற்புறுத்தவே கூடாது. புன்னகையோடு அடுத்தவரைப் பாருங்கள்.

யாராவது இருமினால், போன் அடித்தால், குழந்தை அழுதால் அதுவும் அவருடைய பாட்டுக்கு வந்த தடங்கல்தான். பாத்திரத்திலிருந்து வெளியே வராமல் அவருடைய குணத்தோடு அதைச் சந்தியுங்கள். நிஜமாகவே ஏதாவது பழுதானாலும் அப்படியே. பழுது உங்கள் உடலுக்கோ மற்றவர் பாதுகாப்புக்கோ ஆனால் மட்டும் உடனே நிறுத்தி விளக்கைப் போடச் சொல்லுங்கள். அதற்கான சைகையை விளக்கு இயக்குபவரிடம் முன்பே பேசிவைத்திருக்க வேண்டும்.

விளக்கும் ஒலியும் எளிமையாக இருக்கட்டும். முகமும் கையும் எப்போதும் தெரிய வேண்டும், அது போதும். விளக்கு மாற வேண்டிய இடங்களை நிமிடக் கணக்கில் சொல்லாமல் உங்கள் அசைவை வைத்துச் சொல்லுங்கள்: 'இரண்டாவது ஷூவையும் கழற்றிக் கீழே வைத்ததும்' என்பது போல. சிரிப்பின் நீளம் தினமும் மாறும். கடிகாரத்தை நம்பினால் விளக்கு உங்களுக்கு முன்னால் ஓடிவிடும்.

ஒத்திகை

ஒத்திகையை வீடியோ எடுங்கள். ஒரு முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்: அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று படத்தை வைத்தே புரிகிறதா? அடுத்த முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள்: மெட்டு எங்கே நின்றது, மௌனம் எவ்வளவு நேரம், சத்தங்கள் எந்த வரிசையில் வந்தன? இரண்டு வழியிலும் கதை புரிந்தால் நீங்கள் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்.

இசை தெரிந்த ஒருவரையும் இசையே தெரியாத ஒரு சிறுவனையோ சிறுமியையோ சேர்த்து உட்காரவைத்துச் செய்து காட்டுங்கள். இருவரும் வெவ்வேறு இடங்களில் சிரிப்பார்கள். இருவரும் சேர்ந்து சிரித்த இடங்களைத் தூணாக வைத்துக்கொண்டு மற்றவற்றைச் செதுக்குங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த குறும்பு ஒன்று சங்கிலியில் பொருந்தாமல் நிற்கும். அதை எடுத்துவிடுங்கள், அடுத்த நிகழ்ச்சிக்கு உதவும்.

மேடை நாளுக்கு ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள். தனியாள் நிகழ்ச்சியில் உங்களுக்காக நினைவு வைத்துக்கொள்ள யாரும் இல்லை. ஸ்டாண்டின் திருகு எத்தனை சுற்றுத் தளர வேண்டும், நைலான் நூல் எந்தப் பக்கம், தாள்கள் எந்த வரிசையில், ஷூ கயிறு எந்த முடிச்சில், நல்ல வயலின் எங்கே, அதன் சுருதி சேர்த்தாயிற்றா, வில் இறுக்கியாயிற்றா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். நாற்காலியும் ஸ்டாண்டும் நிற்கும் இடங்களைத் தரையில் சிறு டேப் துண்டுகளால் குறியுங்கள். மேடைத் தரையை உங்கள் சாக்ஸோடு ஒரு முறை நடந்து பாருங்கள். வழுக்கல் அரங்கத்துக்கு அரங்கம் மாறும். கதவு திறப்பதற்கு முன் பட்டியலை வாய்விட்டுப் படித்தபடி ஒவ்வொரு பொருளையும் கையால் தொட்டுச் சரிபாருங்கள். நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே, எந்த இடத்தில் அரங்கம் மூச்சைப் பிடித்தது, எந்த இடத்தில் நாற்காலிகளில் அசைந்தது என்று பட்டியலின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். மறுநாள் ஒத்திகையை அசைந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.